தம்பியின் காலில் சங்கிலி: ஓர் அக்காவின் கடிதத்துக்குப் பதில்

தென் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் முதலிய அடையாளங்களை நீக்கி, சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வாசகி திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறார். தம்பிக்கு வயது 26. டிப்ளமோ முடித்துக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். தூக்கம் போயிற்று. காதில் குரல் கேட்கிறது என்று தனியாகப் பேசினார். சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டார். செய்வினை என்று மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் காட்டி, மாத்திரையில் நன்றாகத் தேறினார். வயல் வேலைக்கும் போகத் தொடங்கினார். ஆனால் உடம்பு பருத்தது, பகலிலும் தூக்கம் வந்தது, "இந்த மாத்திரை ஆளை அடிமையாக்கிவிடும்" என்று உறவினர்கள் சொன்னார்கள். நிறுத்திவிட்டார்கள். சில மாதங்களில் எல்லாம் திரும்பி வந்தது. ஓர் இரவு அவர் தள்ளிவிட்டதில் அப்பாவின் கை முறிந்தது. அன்றிலிருந்து மூன்று வாரமாகத் தம்பி மாட்டுக்கொட்டகைத் தூணில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறார். மருத்துவரிடம் வர மறுப்பதால், பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி, பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுத்துவருகிறார் அக்கா.

கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் பெரியப்பா. குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்க வேண்டும் என்கிறார் அம்மா. ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் தாய்மாமா, தூரத்து உறவில் வசதியில்லாத வீட்டுப் பெண் ஒருத்தியைப் பார்த்தும் வைத்திருக்கிறார். இதற்கிடையில் தங்கைக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. "நான் செய்வது சரியா, தவறா? தம்பியை எங்காவது சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்கிறார்களே, அது பாவமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. தம்பியின் கணுக்கால் புண்ணாகிவிடக் கூடாது என்று, சங்கிலிக்கு அடியில் அப்பா பழைய வேட்டித் துணியைச் சுற்றிவைத்திருக்கிறார் என்றும், முறிந்த கையோடு இரவெல்லாம் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது கொடுமைக்காரர் செய்யும் வேலையல்ல. என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தராததால் ஒரு தகப்பன் கண்டுபிடித்த வழி. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஆனாலும் அந்தச் சங்கிலி ஒரு நாள்கூட நீடிக்கக் கூடாது.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓடித் தப்பியிருக்கக்கூடியவர்கள்தான், கால்களில் சங்கிலி இருந்தது. உங்கள் கொட்டகையில் வைக்கோலும் இருக்கும், மின்சார ஒயரும் இருக்கும். தவிர, நோயின் பயத்தோடு தனியாகக் கட்டிப்போடப்பட்டவருக்குத் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது அரிதல்ல. கட்டிப்போட்டால் பாதுகாப்பு என்பது நம் நினைப்புதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தன் 95வது பிரிவில் தடை செய்திருக்கிறது. வீட்டில் ஒருவர் துன்புறுத்தப்பட்டாலோ கவனிப்பாரின்றி விடப்பட்டாலோ, காவல்நிலையப் பொறுப்பு அதிகாரி நடுவர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 101வது பிரிவு. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. "எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் இஷ்டம்" என்று பெரியப்பா சொன்னால் அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

சங்கிலியை அவிழ்த்துவிட்டு "இனிக் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று இருக்கச் சொல்லவில்லை. அப்பாவின் கை முறிந்திருக்கிறது, பயம் நியாயமானது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

தம்பி வர மறுத்தால் முதலில் நீங்கள் போங்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, எந்த மாதம் நிறுத்தினீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சங்கிலியையும் சேர்த்துத்தான். மனநல மருத்துவர்களான நாங்கள் திட்டமாட்டோம், திட்டுகிற மருத்துவர் கிடைத்தால் வேறொருவரைப் பாருங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் ஒருவர் இருந்தால், எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதில் அடங்கும். அதற்குப் பிறகும் அவர் சம்மதிக்காவிட்டால், அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89வது பிரிவின்படி உள்நோயாளியாகச் சேர்க்கலாம். இதற்கு உங்கள் வீட்டில் ஒருவர் அவருடைய பிரதிநிதியாக விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே அவரைப் பரிசோதித்து, சேர்க்கை அவசியம் என்று எழுத வேண்டும். இந்தப் பிரிவின்படி அதிகபட்சம் 30 நாள். சேர்த்த தகவல் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகும். அங்கே முறையிடும் உரிமை உங்கள் தம்பிக்கு உண்டு. ஆக, "சம்மதிக்காதவனை எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்க மாட்டார்கள்" என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியல்ல. "கையெழுத்துப் போட்டால் காலம் முழுக்க உள்ளே வைத்துவிடுவார்கள்" என்பதும் சரியல்ல.

தயிர்சாதத்தில் மாத்திரை

நீங்கள் அன்பினால் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். "என் சோற்றில் எதையோ கலக்கிறார்கள்" என்பதுதான் தம்பியின் முதல் பயம். அது நோயினால் வந்த நம்பிக்கை, அப்போது உண்மையில்லை. இப்போது உண்மையாகிவிட்டது. உங்கள் கையால் மட்டும்தான் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொடியை அவர் ஒரு நாள் பார்த்துவிட்டால், அந்த வீட்டில் அவர் நம்புவதற்கு ஆளே இருக்காது. அதற்குப் பிறகு எங்களைப் போன்ற மருத்துவர்கள் நெருங்குவது இன்னும் கடினம்.

உடல்ரீதியான ஆபத்தும் உண்டு. அது பழைய சீட்டின் அளவு. பாதிச் சோற்றை வைத்துவிட்டால் எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. கைநடுக்கமோ நாக்கு இழுப்போ வந்தால், மருந்தின் விளைவு என்று தெரியாமல் பேயோட்டுபவரைத் தேடுவீர்கள். உடனே அடியோடு நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்படி வெளிப்படையாகக் கொடுக்கும் முறைக்கு மாறுங்கள்.

"வெளிப்படையாகச் சொன்னால் சாப்பிட மாட்டானே" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் யாராவது இதுவரை சொல்லிப் பார்த்தீர்களா? கடிதத்தில் பெரியப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், மந்திரிப்பவர் என்று எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. தம்பி பேசியதாக ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: "எனக்கு என்ன ஆச்சு அக்கா?" ஒரு மாலையில் சோறு வாங்கும்போது கேட்டார் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் தங்கையின் வரனுக்குப் போய்விட்டீர்கள். அவருக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சகோதரி, மருத்துவத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அறிகுறி வேண்டியதில்லை. தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அவருக்கே தெரிகிறது. பலருக்கு அந்த உணர்வு வரவே வெகுகாலம் ஆகும்.

சங்கிலி இல்லாத நேரத்தில், ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நோயின் பெயர் சொல்ல வேண்டாம். "குரல் எதுவும் கிடையாது, எல்லாம் உன் கற்பனை" என்று வாதாடவும் வேண்டாம், "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை தம்பி. ஆனால் உனக்குக் கேட்கிறது, அதனால் நீ தூங்கவில்லை, பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் பயத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது. போன முறை சாப்பிட்டபோது வயலுக்குப் போனாயே. இந்த முறை பகலில் தூக்கம் வராத மாத்திரையாகக் கேட்போம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். முதல் நாளே தலையாட்டிவிடுவார் என்று நான் உறுதி தரமாட்டேன். பல நாள் பேச வேண்டியிருக்கலாம். அவர் மறுப்பதற்குக் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் அது பைத்தியக்காரத்தனமான காரணமாக இருக்காது. உடம்பு பருத்தது, கூப்பிட்ட குரலுக்கு எழ முடியாமல் தூங்கியது, ஊரில் "மாத்திரை கேஸ்" என்று கேலி செய்தது, இப்படித்தான் இருக்கும்.

அந்தக் காரணங்களுக்கு எங்களிடம் வழி உண்டு. எடை கூட்டும் மருந்துக்குப் பதில் வேறொன்றுக்கு மாறலாம், அளவைக் குறைக்கலாம், இரவுக்கு மாற்றலாம். தினமும் மாத்திரை விழுங்கப் பிடிக்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இந்த மருந்துகள் சாராயம் போலவோ புகையிலை போலவோ அடிமையாக்குவதில்லை. யாரும் இன்னும் வேண்டும் என்று ஏங்குவதில்லை. நிறுத்தியபோது நோய் திரும்பியதைத்தான் உங்கள் உறவினர்கள் அடிமைத்தனம் என்று புரிந்துகொண்டார்கள். கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது மனச்சிதைவு நோயின் சாயலில் இருக்கிறது. அந்நோயில் முதல் முறை தேறியபின் குறைந்தது ஓரிரு ஆண்டுகளாவது மருந்தைத் தொடரச் சொல்வோம். திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். தேறிய சில மாதங்களில் நிறுத்துவதுதான் எங்கள் புறநோயாளிப் பிரிவில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதை.

கரண்ட் ஷாக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தராமல் அதைச் செய்வது சட்டப்படி தடை. முறையாகச் செய்தால் அது சிலரின் உயிரைக் காக்கும் சிகிச்சை. ஆனால் உங்கள் தம்பி மாத்திரையிலேயே தேறியவர். இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கீழ்ப்பாக்கம், குணசீலம், ஹோம்

பெரியப்பா கீழ்ப்பாக்கத்தை ஆளைத் தொலைத்துவிடும் இடமாகச் சொல்கிறார். 1794 முதல் இருக்கும் அந்த மருத்துவமனையின் பெயரை நாம் வசைச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம், அதனால்தான் இந்த எண்ணம். அங்கே வருகிறவர்களில் மிகப் பலர் புறநோயாளிகள். காலையில் வந்து மருந்து வாங்கிக்கொண்டு மதியம் பஸ் ஏறுகிறவர்கள். உள்நோயாளியாகச் சேர்ந்தாலும் தேறியதும் வீட்டுக்கு வர வேண்டியவர்கள்தான். அப்படித் தேறியும் வீட்டார் வந்து அழைத்துப்போகாததால் மனநல மருத்துவமனைகளிலேயே முதுமையடைந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை அங்கே வைத்திருப்பது நோயல்ல. உங்கள் தம்பியை அந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

"ஹோம்" என்று யாராவது சீட்டில் எழுதிக் கொடுத்தால், மாநில மனநல ஆணையத்தில் அது பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். மனநல மருத்துவர் வருகிறாரா, நீங்கள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாமா, படுக்கும் இடத்தைக் காட்டுவார்களா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

அம்மாவின் வேண்டுதலை நான் மறுக்கவில்லை. அவருக்கு மகனுக்காகச் செய்ய ஏதோ ஒன்று வேண்டும். குணசீலம் போகட்டும், மாத்திரைப் பையும் கூடப் போகட்டும், ஒரு வேளையும் தவறாமல். ஏர்வாடியிலேயே, அந்தத் தீக்குப் பிறகு, தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மனநல மருந்தும் கொடுக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. மருந்தா, வேண்டுதலா என்று வீட்டுக்குள் சண்டை போட்டால் அம்மாவும் எதிரணிக்குப் போய்விடுவார். உங்கள் தம்பிக்கு எல்லோரும் ஒரே பக்கம் நிற்பது முக்கியம்.

கால்கட்டும் தங்கையின் வரனும்

கால்கட்டைப் பற்றி எனக்கு வளைந்து பேசத் தெரியவில்லை. இது வேண்டாம். திருமணம் மனநோய்க்கு மருந்தல்ல. புது இடம், புது ஆள், தூக்கம் கெடும் சடங்குகள், எதிர்பார்ப்புகள் எல்லாம் சேர்ந்து நோயைக் கிளறிவிடும். அதைவிட, வசதியில்லாத வீட்டுப் பெண் என்று ஏன் தேடுகிறார் உங்கள் மாமா? அவள் வீட்டார் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதற்காகத்தானே. சம்பளமில்லாத செவிலியாக ஒரு பெண்ணை ஏமாற்றிக் கொண்டுவருவதை நீங்கள், ஒரு பெண், தடுக்க வேண்டும். முக்கியமான உண்மையை மறைத்து நடத்திய திருமணத்தை நீதிமன்றத்தில் செல்லாததாக்க இந்து திருமணச் சட்டத்தின் 12வது பிரிவு வழி தருகிறது. கடைசியில் அவமானமும் உங்கள் தம்பியின் தலையில்தான் விழும். நோய் கட்டுக்குள் வந்து, வேலைக்குப் போய், அவரே விரும்பி, எல்லாவற்றையும் சொல்லிச் செய்துகொண்டால், நல்ல கணவராக வாழலாம். என்னிடம் வருகிறவர்களில் அப்படி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தங்கைக்கு வந்த வரனிடம் மறைக்கலாமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. தம்பியின் நோய் அவருடைய அந்தரங்கம். ஊருக்கெல்லாம் சொல்லக் கடமையில்லை. ஆனால் சம்பந்தம் பேசும் வீட்டில், நிச்சயத்துக்கு முன், தம்பியிடமும் தங்கையிடமும் கேட்டுவிட்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. "தம்பிக்கு மனநலப் பிரச்சினை இருக்கிறது, சிகிச்சை நடக்கிறது" என்ற அளவு போதும். பரம்பரையா என்று கேட்பார்கள். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கும், மாமனுக்கோ சித்திக்கோ இருந்தால் நூற்றில் நான்கு பேருக்கும் வரலாம் என்பது பழைய குடும்ப ஆய்வுகளின் கணக்கு. அதாவது உங்கள் தங்கைக்குப் பிறக்கும் குழந்தைக்கு வராமலிருக்கும் வாய்ப்பே மிக மிக அதிகம். இதைக் கேட்டும் அவர்கள் விலகினால் உங்கள் தங்கை அழுவாள், அது எனக்குத் தெரியும். மறைத்துவிட்டு ஒவ்வொரு பண்டிகைக்கும் தம்பியை எங்கே ஒளிப்பது என்று வாழ்நாள் முழுக்கத் திட்டமிடுவதோடு அதை வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருந்து பாதி வேலைதான் செய்யும். ஓயாத குறைசொல்லலும் கடுகடுப்பும் உள்ள வீடுகளில் இந்நோய் அதிகமாகத் திரும்பி வருகிறது என்பதை 1950களிலும் 60களிலும் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஆய்வில் கண்டார்கள். பிறகு நம் சண்டிகரிலும் ஆராய்ந்தார்கள். தம்பி குளிக்காமல் படுத்திருப்பதும், பேசாமல் சுவரைப் பார்ப்பதும் சோம்பலல்ல, நோயின் இன்னொரு முகம். குரல்கள் அடங்கிய பிறகும் அது மெதுவாகத்தான் விலகும். "தடி மாடு மாதிரிப் படுத்திருக்கிறான்" என்று பெரியப்பா சொன்னால், அவரை வெளித்திண்ணைக்கு அழைத்துப்போய் இதை விளக்குங்கள். ஒரு சின்ன வேலையை மட்டும் தம்பியிடம் கொடுங்கள். செய்தால் செய்தார், இல்லாவிட்டால் மறுநாள். ஊரில் யாரும் அவரை "மென்டல்" என்று கூப்பிட்டால் பெயரைச் சொல்லித் திருத்துங்கள், ஒவ்வொரு முறையும்.

அப்பாவை விட்டுவிடாதீர்கள். மூன்று வாரமாகத் தூங்காதவர் அவர். கைக்கட்டைப் பார்க்கும் மருத்துவரிடம் அவர் தூக்கத்தையும் சொல்லுங்கள். இரவுக் காவலை நீங்கள், உங்கள் கணவர், தங்கை என்று மாற்றிக்கொள்ளுங்கள். தம்பியை அடித்ததற்காகவும் கட்டியதற்காகவும் அவர் தனியே அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தேறிய பிறகு தம்பிக்கும் அதே அழுகை இருக்கும், அப்பாவின் கையை முறித்துவிட்டேனே என்று. இருவரும் அதைப் பேசிக்கொள்ள மருத்துவமனையின் மனநல ஆலோசகரோ சமூகப் பணியாளரோ உதவுவார், கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இப்போதே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு வேலை ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் நோயின் உச்சத்தில் அளக்கும் அளவு சரியாக இருக்காது. உங்கள் தம்பி லேத்தில் வேலை தெரிந்தவர். சிகிச்சை பிடித்து, பகல் தூக்கம் குறைந்தபின், அரை நாள் வேலையாகப் பழைய பட்டறையிலோ பக்கத்து ஊரிலோ தொடங்க முடியுமா என்று மருத்துவரோடு பேசுங்கள். இயந்திரத்தில் கை வைக்கும் வேலை என்பதால் மருந்தின் அளவைப் பார்த்துத்தான் அவர் அனுமதிப்பார். சான்றிதழா, வேலையா என்பதை அப்போது உங்கள் தம்பியிடமே கேளுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.